‘ஆன்டிபயாடிக் ஆரம்பிச்சுட்டு நாளைக்கு அனுப்புங்க!’ - டே கேரில் தொற்று உண்மையில் எப்படிப் பரவுது?

காலை 11.20 மணி வாக்கில் எங்கள் டெஸ்க்கில் பக்கத்து சீட் அக்காவின் போன் அதிர்ந்தால், அது பெரும்பாலும் டே கேர்தான். ‘பாப்பாவுக்கு உடம்பு சுடுது மேம். வந்து கூட்டிட்டுப் போயிடுங்க.’ போன மாதம் மட்டும் மூன்று முறை. குழந்தைக்கு ஒன்றரை வயசு. வேளச்சேரி பக்கம், ஒரு தனி வீட்டின் கீழ்த்தளத்தில் நடக்கிற சின்ன டே கேர் அது. மூன்றாவது முறை போனோடு ஒரு வாட்ஸ்அப் மெசேஜும் வந்தது: ‘ஆன்டிபயாடிக் ஆரம்பிச்சுட்டு நாளைக்கு அனுப்புங்க. மத்த பேரன்ட்ஸ் கேக்குறாங்க.’

அக்கா நேராக மெடிக்கல் ஷாப்புக்குப் போனார். முந்தைய தடவை டாக்டர் எழுதிக் கொடுத்த சிரப்பின் பெயரைச் சொன்னார். கடையில் சீட்டு எதுவும் கேட்கவில்லை, எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். மறுநாள் குழந்தை டே கேரில், அக்கா ஷிஃப்ட்டில்.

அதென்ன கரெக்டா 11.20? கேட்டபோது சிரித்துக்கொண்டே சொன்னார், “காலைல ஏழு மணிக்கு பாராசிட்டமால் கொடுத்துட்டுத்தான் விட்டேன். நாலு மணி நேரத்துல பவர் இறங்கிடுது.” சிரித்தாரே தவிர, கண் சிரிக்கவில்லை. அந்த வருஷத்து லீவு ஏற்கெனவே தீர்ந்துவிட்டிருந்தது.

அந்த டே கேரை நடத்துபவரைத் திட்டவும் மனசு வரவில்லை. மற்ற குழந்தைகளின் அம்மாக்கள் கேட்பது அவரைத்தான். ஆனால் ஒரு கேள்வி மட்டும் மண்டையைக் குடைந்தது. அந்த சிரப் உண்மையிலேயே ஏதாவது செய்ததா? டே கேரில் ஒரு குழந்தையிடமிருந்து இன்னொரு குழந்தைக்கு எதுதான் பரவுகிறது, எந்த வழியாக? அதை எது நிறுத்தும்?

முதல்ல, வைரஸா பாக்டீரியாவா?

டே கேர் போகும் குழந்தைக்கு வரும் சளி, இருமல், காய்ச்சலில் பெரும்பகுதி வைரஸ் வேலை. ஆன்டிபயாடிக் பாக்டீரியாவுக்கான மருந்து, வைரஸை அது தொடக்கூடச் செய்யாது. மூக்கிலிருந்து வரும் சளி பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறினால் ‘இன்ஃபெக்‌ஷன் ஏறிடுச்சு’ என்று நம் வீடுகளில் சொல்வோம் இல்லையா? சாதாரண வைரஸ் சளியிலும் மூன்று நான்கு நாளில் நிறம் அப்படி மாறும். நிறத்தை மட்டும் வைத்து பாக்டீரியா என்று முடிவு செய்ய முடியாது.

‘மெட்ராஸ் ஐ’ என்று நம் ஊர் பேரைச் சுமந்துகொண்டிருக்கும் கண் நோயும் பெரும்பாலும் வைரஸ்தான். 2022-ல் கேரளத்தில் ‘தக்காளிக் காய்ச்சல்’ என்று பரபரப்பானதே, அதுவும் வைரஸ்தான். கை, கால், வாயில் கொப்புளம் வரும் வழக்கமான நோயின் இன்னொரு முகம் அது.

டே கேரில் சேர்ந்த முதல் வருஷத்தில் ஒரு குழந்தைக்கு எட்டு, பத்து தடவை சளி பிடிப்பதெல்லாம் சகஜம். ‘இவனுக்கு எதிர்ப்பு சக்தியே இல்லை போல’ என்று பயப்பட வேண்டியதில்லை. வீட்டிலேயே வளரும் குழந்தை எல்.கே.ஜி., யு.கே.ஜி.யில் சந்திக்கப்போகும் கிருமிகளை இவன் முன்கூட்டியே சந்திக்கிறான், அவ்ளோதான். பள்ளி வயதில் இந்தக் குழந்தைகளுக்குச் சளித் தொல்லை மற்றவர்களைவிடக் குறைவாக இருப்பதும் ஆய்வுகளில் தெரிய வந்திருக்கிறது.

அப்படியானால் பாக்டீரியாவுக்கு டே கேரில் வேலையே இல்லையா? இருக்கிறது. அதன் வழி கொஞ்சம் வேறு, அவசரமும் இல்லாதது.

மூக்குக்குள் ஒரு குடித்தனம்

நிமோகாக்கஸ் என்று ஒரு பாக்டீரியா. குழந்தைகளுக்கு நடுக்காதில் சீழ் பிடிப்பது, நிமோனியா, சில நேரம் மூளைக்காய்ச்சல் எனப் பலவற்றுக்கும் இதுதான் காரணம். ஆனால் பெரும்பாலான நேரம் இது நோயே தராது. மூக்கின் பின்பகுதியில் சத்தம் போடாமல் குடித்தனம் நடத்தும். ஓடியாடி விளையாடும் குழந்தையின் மூக்கிலும் இருக்கும். குறிப்பாக இரண்டு வயதுக்குள், அதிலும் ஒரே அறையில் பத்துப் பதினைந்து பேர் இருந்தால், இந்தக் குடித்தனம் ஒரு மூக்கிலிருந்து அடுத்த மூக்குக்கு மாறிக்கொண்டே இருக்கும்.

எப்படி மாறுகிறது? பொம்மைக் காரின் சக்கரத்தை ஒரு குழந்தை வாயில் வைக்கிறது. அதை இன்னொன்று பிடுங்கித் தன் வாயில் வைக்கிறது. மூக்கைத் துடைத்த அதே துணியால் அடுத்த குழந்தைக்கும் துடைக்கிறார்கள். தும்மல், இருமல் சொல்லவே வேண்டாம். இதில் வைரஸுக்கும் ஒரு பங்கு உண்டு. சளி பிடித்த மூக்கில் இந்த பாக்டீரியா பெருகும், சளியோடு சேர்ந்து வெளியேயும் வரும். அதாவது வைரஸ் ஓட்டும் வண்டியில் பாக்டீரியா ஏறிக்கொள்கிறது.

ஏன் சின்னக் குழந்தைகளுக்கே இது அதிகம்? காரணம் இரண்டு. மூக்கின் பின்பகுதியையும் நடுக்காதையும் இணைக்கும் குழாய் அந்த வயதில் குட்டையாக, கிட்டத்தட்டப் படுக்கைவாட்டில் இருக்கும், அதனால் சளி எளிதாகக் காதுக்குப் போய்விடும். இன்னொன்று, நிமோகாக்கஸ் தன்னைச் சுற்றி ஒரு சர்க்கரை உறையைப் போர்த்திக்கொண்டிருக்கும். இரண்டு வயதுக்குள் நம் உடம்பின் பாதுகாப்புப் படைக்கு அந்த உறையைச் சரியாக அடையாளம் காணத் தெரியாது.

அந்த உறையை அடையாளம் காணப் பழக்குவதுதான் பி.சி.வி. தடுப்பூசி. தமிழ்நாட்டில் 2021 முதல் அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இது இலவசம். ஆறாவது வாரம், 14-வது வாரம், ஒன்பதாவது மாதம் என மூன்று தவணை. அதற்கு முன்னால் தனியாரில் ஆயிரக்கணக்கில் செலவு செய்தவர்களுக்கு மட்டுமே கிடைத்த ஊசி இது. ஹிப் என்ற இன்னொரு பாக்டீரியா ஒரு காலத்தில் குழந்தைகளின் மூளைக்காய்ச்சலுக்கு முக்கியக் காரணமாக இருந்தது. அதற்கு எதிரான மருந்து பென்டாவேலன்ட் ஊசியில் இருக்கிறது. அந்த ஊசி இந்தியாவில் முதன்முதலில் அரசுத் திட்டத்தில் வந்தது, 2011 டிசம்பரில், தமிழ்நாட்டிலும் கேரளத்திலும். குழந்தையின் தடுப்பூசி அட்டையை இப்போதே எடுத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஒன்பதாவது மாத டோஸும், ஒன்றரை வயது பூஸ்டரும்தான் பெரும்பாலும் விட்டுப்போகும்.

ஐஸ்லாந்தில் நடந்தது

இந்த நிமோகாக்கஸை வைத்து ஒரு நாடே பாடம் படித்த கதை இருக்கிறது. ஆன்டிபயாடிக் மெசேஜைப் பார்த்ததும் எனக்கு ஞாபகம் வந்தது அதுதான்.

1980-களின் ஐஸ்லாந்து. மொத்த மக்கள்தொகையே ஏறத்தாழ இரண்டரை லட்சம், நம்ம ஊர்க் கணக்கில் ஒரு நடுத்தர நகரம். பெண்கள் பெருமளவில் வேலைக்குப் போகும் நாடு என்பதால் குழந்தைகளில் பெரும்பாலோர் டே கேரில். 1988 டிசம்பர் வரை பென்சிலினுக்கு அடங்காத நிமோகாக்கஸை அங்கே யாரும் பார்த்ததில்லை. அந்த மாதம் முதல் ஆள் சிக்கினார். அடுத்த ஐந்தே வருஷத்தில், 1993 வாக்கில், நாட்டில் நோயாளிகளிடம் எடுக்கப்பட்ட நிமோகாக்கஸ் மாதிரிகளில் ஐந்தில் ஒன்று பென்சிலினுக்கு அடங்காதது என்றாகிவிட்டது.

கார்ல் கிறிஸ்டின்சன் என்ற நுண்ணுயிரியல் நிபுணரும் அவருடைய குழுவும் இதைப் பின்தொடர்ந்தார்கள். கிடைத்த கிருமிகளில் பெரும்பாலானவை ஒரே வம்சம். ஸ்பெயினில் ஏற்கெனவே பரவலாக இருந்த ஒரு வகையோடு அது அச்சு அசலாகப் பொருந்தியது. கோடை விடுமுறைக்கு ஸ்பெயின் கடற்கரைக்குப் போய்வந்த ஏதோ ஒரு குடும்பத்தோடு அது விமானம் ஏறியிருக்கலாம் என்று கணித்தார்கள். வந்தது எப்படி என்பதைவிட, வந்த பிறகு ஏன் இவ்வளவு வேகமாகப் பெருகியது என்பதுதான் விஷயம். டே கேர் குழந்தைகளின் மூக்கிலிருந்து மாதிரி எடுத்துப் பார்த்தபோது விடை கிடைத்தது. அண்மையில் ஆன்டிபயாடிக் சாப்பிட்ட குழந்தைகளின் மூக்கில்தான் இந்த அடங்காத கிருமி அதிகம் குடியிருந்தது.

இதை நம் வாடகை வீட்டுக் கணக்கிலேயே புரிந்துகொள்ளலாம். மூக்கு என்ற வீட்டில் ஏற்கெனவே சாதுவான கிருமிகள் குடியிருக்கின்றன. ஆன்டிபயாடிக் அவர்களைக் காலி செய்கிறது. மருந்துக்கு அடங்காதவன் மட்டும் மிச்சம். காலியான வீடு முழுக்க அவனுக்கே. அடுத்த வாரம் அதே பொம்மைக் கார் வழியாகப் பக்கத்துக் குழந்தையின் மூக்குக்கு அவன் போகிறான். அந்தக் குழந்தையும் சளிக்கு ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தால் அங்கேயும் வீடு காலி. ஆக, ‘மத்த குழந்தைகளுக்குப் பரவக் கூடாது’ என்று கொடுக்கும் மருந்தே, பரவக் கூடாத ஒன்றுக்கு வழிவிடுகிறது!

ஐஸ்லாந்து என்ன செய்தது? டாக்டர்களிடமும் பெற்றோரிடமும் விடாமல் பேசினார்கள். சாதாரணச் சளிக்கு ஆன்டிபயாடிக் வேண்டாம், லேசான காதுவலிக்குக் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம் என்று பத்திரிகை, தொலைக்காட்சியில் எல்லாம் சொன்னார்கள். ஆன்டிபயாடிக்குக்கு அரசு கொடுத்துவந்த மானியமும் அதே காலகட்டத்தில் நின்றது. குழந்தைகளுக்கு எழுதும் ஆன்டிபயாடிக் அளவு குறைந்தது. 1993-க்குப் பிறகு அடங்காத கிருமியின் பங்கும் இறங்கத் தொடங்கியது. முழுசாக ஒழியவில்லை, அதுவும் உண்மை. பின்னாளில், 2011-ல், நிமோகாக்கஸ் தடுப்பூசியைத் தேசியத் திட்டத்தில் சேர்த்த பிறகுதான் காதுப் பிரச்னைக்காக வரும் குழந்தைகளும், எழுதப்படும் ஆன்டிபயாடிக்கும் இன்னும் குறைந்தன.

மூக்கு வழி ஒன்று, கை வழி இன்னொன்று

டே கேரில் கிருமி போகும் இரண்டாவது பாதை பேசக் கொஞ்சம் அசௌகரியமானது. மலத்திலிருந்து கைக்கு, கையிலிருந்து வாய்க்கு.

2023 செப்டம்பர் தொடக்கத்தில் கனடாவின் கால்கரி நகரில் நடந்தது இது. வெவ்வேறு இடங்களில் இருந்த 11 டே கேர்களில் ஒரே நேரத்தில் குழந்தைகளுக்கு ரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு. எல்லாவற்றுக்கும் பொதுவாக இருந்தது ஒன்றே ஒன்று, சாப்பாடு அனுப்பிய மையச் சமையலறை. கிருமியின் பெயர் ஈ.கோலி ஓ157. ஆகஸ்ட் 29 அன்று மதியம் கொடுத்த ‘மீட் லோஃப்’, அதாவது கொத்துக்கறியைக் கேக் போல வேகவைத்த உணவும், அதன் சைவ வடிவமும்தான் பெரும்பாலும் மூலமாக இருந்திருக்கும் என்று அதிகாரிகள் முடிவுக்கு வந்தார்கள். ஒரு துண்டும் மிச்சமில்லாததால் அந்த உணவைப் பரிசோதிக்க முடியவில்லை. சமையலறை ஆய்வில் கரப்பான்பூச்சிகளும், உணவைச் சரியான குளிர்நிலையில் கொண்டுபோகாததும் பதிவாயின.

மொத்தம் ஏறத்தாழ 450 பேருக்குத் தொற்று உறுதியானது. 20-க்கும் அதிகமான குழந்தைகளுக்குச் சிறுநீரகத்தைத் தாக்கும் ஹெச்.யு.எஸ். என்ற சிக்கல். சிலருக்கு டயாலிசிஸ் வரை போனது. நல்லவேளையாக உயிரிழப்பு இல்லை.

செய்தியில் பலரும் சமையலறையோடு நிறுத்திக்கொண்டார்கள். ஆனால் அந்த மதியச் சாப்பாட்டைச் சாப்பிடாதவர்களுக்கும் இது வந்தது. வீட்டில் தம்பி, தங்கைக்கு வந்தது. முதல் பட்டியலில் இல்லாத வேறு சில டே கேர்களையும் பிறகு மூட வேண்டியிருந்தது. ஏனென்றால் இந்தக் கிருமி நோய் உண்டாக்க லட்சக்கணக்கில் தேவையில்லை, நூறுக்கும் குறைவாகவே போதும். டயப்பர் மாற்றிய கையில் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருப்பதே அதற்கு அதிகம். அதனால்தான் மலப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்த பிறகே குழந்தைகளைத் திரும்பச் சேர்த்தார்கள்.

நம்ம ஊரில் இதே பாதையில் போகும் கிருமி ஷிகெல்லா. சீதபேதி, ரத்தபேதி என்று பாட்டிகள் சொல்வதில் பெரும்பங்கு இதனுடையது. இதற்கும் பத்து முதல் நூறு கிருமிகளே போதும். டே கேரைத் தேர்ந்தெடுக்கும்போது சுவரில் வரைந்த சோட்டா பீமையும், சிசிடிவி கேமராவையும் பார்க்கிறோம். பார்க்க வேண்டியது டயப்பர் மாற்றும் இடத்தை. அது சமையல் மேடையிலிருந்து தள்ளி இருக்கிறதா? பக்கத்திலேயே தண்ணீர்க் குழாயும் சோப்பும் இருக்கிறதா? ஒவ்வொரு குழந்தைக்குப் பிறகும் அந்த விரிப்பைத் துடைக்கிறார்களா? டயப்பர் மாற்றுபவரும் சாப்பாடு ஊட்டுபவரும் ஒரே ஆயாம்மாதானா? சின்ன டே கேர்களில் பெரும்பாலும் ஒரே ஆள்தான் இருப்பார், அதில் தப்பு சொல்ல முடியாது. ஆனால் இரண்டு வேலைக்கும் நடுவே அவர் சோப்பு போட்டுக் கை கழுவ நேரம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. சானிடைசர் பாட்டிலைக் காட்டினால் திருப்திப்பட்டுவிடாதீர்கள். அழுக்கு ஒட்டிய கையில் அது சரியாக வேலை செய்யாது. குழாய்த் தண்ணீரும் சோப்பும்தான் வேண்டும். குழந்தையின் கையையும் கழுவ வேண்டும், பலரும் இதை மறந்துவிடுகிறார்கள்.

வயிற்றுப்போக்கு வந்தால் வீட்டில் முதல் வேலை ஓ.ஆர்.எஸ். கூடவே டாக்டர் சொல்லும் அளவில் 14 நாளைக்கு ஜிங்க். பேதியைக் ‘கட்டும்’ மாத்திரையைச் சின்னக் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. மலத்தில் ரத்தம் தெரிந்தால் மெடிக்கல் ஷாப் பக்கம் போகாமல் டாக்டரிடம் போங்கள். ஷிகெல்லாவாக இருந்தால் ஆன்டிபயாடிக் உதவும். கால்கரியில் வந்த வகை ஈ.கோலியாக இருந்தால் ஆன்டிபயாடிக் சிறுநீரகச் சிக்கலை அதிகப்படுத்தலாம் என்ற பயம் உண்டு, டாக்டர்கள் பொதுவாகத் தவிர்ப்பார்கள். பார்வைக்கு இரண்டும் ஒரே ரத்தபேதிதான். கடை கவுன்ட்டரில் நின்று வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது.

தோல், தொண்டை பற்றியும் சுருக்கமாக. மூக்கைச் சுற்றியும் முட்டியிலும் கொப்புளம் வந்து உடைந்து, தேன் நிறத்தில் பொருக்குத் தட்டினால் அது பெரும்பாலும் பாக்டீரியா. துண்டு, தலையணை வழியாகப் பரவும். மருந்து ஆரம்பித்து ஒரு நாள் கழித்து, புண்ணை மூடி அனுப்பலாம். ஸ்ட்ரெப் என்ற பாக்டீரியாவால் வரும் தொண்டைப் புண்ணும் அப்படியே, ஆன்டிபயாடிக் தொடங்கி ஒரு நாள் கழித்து. ஆனால் அது மூன்று வயதுக்குள் அபூர்வம். கக்குவான் இருமலும் டிப்தீரியாவும் தடுப்பூசி முழுசாகப் போட்ட குழந்தைகள் நிறைந்த டே கேரில் எளிதில் நுழையாது.

கவனிச்சீங்களா? ‘ஆன்டிபயாடிக் தொடங்கி 24 மணி நேரம்’ என்ற விதி உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் அது டாக்டர் பார்த்து, பாக்டீரியா என்று உறுதியான ஸ்ட்ரெப் தொண்டைப் புண், தோல் கொப்புளம் போன்ற சில நோய்களுக்கு மட்டும். அந்த விதி எப்படியோ எல்லாக் காய்ச்சலுக்கும் பொது விதியாக டே கேர் வாட்ஸ்அப் குரூப்களுக்குள் வந்துவிட்டது.

அப்போ எப்போ அனுப்பலாம், எப்போ கூடாது?

சளி மட்டும் இருக்கிறது, குழந்தை சாப்பிடுகிறது, விளையாடுகிறது என்றால் அனுப்பலாம். ‘பரவாதா?’ என்றால், பரவும். ஆனால் சளி வெளியே தெரிவதற்கு முந்தின நாளே அது பரவத் தொடங்கியிருக்கும். மூக்கொழுகும் எல்லாக் குழந்தைகளையும் வீட்டில் வைத்தால் டே கேரே காலியாக இருக்கும், சளி மட்டும் குறையாது.

வீட்டில் வைக்க வேண்டியது எப்போது? காய்ச்சலோடு சோர்ந்து கிடந்தால். டயப்பரை மீறி வழியும் வயிற்றுப்போக்கு இருந்தால். மலத்தில் ரத்தம் இருந்தால். ஒரே நாளில் இரண்டு மூன்று தடவை வாந்தி எடுத்தால். இன்னொன்று, காய்ச்சல் மருந்து கொடுத்துவிட்டு அனுப்பினால் தயவுசெய்து டே கேரில் சொல்லிவிடுங்கள். மருந்து காய்ச்சலை மறைக்கும், நோயை இல்லை. அங்கே அதே மருந்தைத் தெரியாமல் இன்னொரு தடவை கொடுத்துவிடவும் வாய்ப்பிருக்கிறது.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகள் தனி. குழந்தை அமைதியாக இருக்கும்போது வயிறும் நெஞ்சும் ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். ஒரு வயதுக்குள் என்றால் 50-ம் அதற்கு மேலும், ஒன்று முதல் ஐந்து வயது என்றால் 40-ம் அதற்கு மேலும் இருந்தால் அது வேகமான மூச்சு. மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுவது, பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் எழாமல் கிறங்கிக் கிடப்பது, வலிப்பு, சிறுநீர் போவது குறைவது... இதில் எது இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. மூன்று மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலே போதும், கிளம்பிவிடுங்கள்.

ஆன்டிபயாடிக் விஷயத்தில் சட்டமும் தெளிவு. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. வீரியமான சில வகைகளுக்கு 2014 முதல் கடைக்காரர் நோயாளி பெயரையும் டாக்டர் பெயரையும் பதிவேட்டில் எழுத வேண்டும். மாத்திரை அட்டையில் ஓரமாக ஒரு சிவப்புக் கோடு பார்த்திருப்பீர்களே, சீட்டில்லாமல் வாங்காதீர்கள் என்பதற்கான அடையாளம் அது. வீட்டு ஃப்ரிட்ஜில் போன தடவை மிச்சமான பாதி பாட்டில் இருக்கிறதா? தண்ணீர் கலந்த உலர் சிரப் ஒரு வாரம், வகையைப் பொறுத்து அதிகபட்சம் இரண்டு வாரம்தான் தாங்கும். பிறகு அதைக் கொடுத்துப் பயனில்லை. டாக்டர் பாக்டீரியா என்று உறுதியாகச் சொல்லி எழுதிக் கொடுத்தால் மட்டும், அவர் சொன்ன நாள் வரைக்கும் கொடுங்கள்.

லீவு யார் கொடுப்பா?

இவ்வளவும் படித்துவிட்டு அக்கா கேட்டது ஒரே கேள்வி. “எல்லாம் சரி. வீட்ல வெச்சுக்கோன்னா, லீவு யார் கொடுப்பா?”

இதற்குப் பதில் தேடினால் ஸ்வீடன் வருகிறது. அங்கே குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால் அம்மாவோ அப்பாவோ வீட்டில் இருக்கலாம். சம்பளத்தில் கிட்டத்தட்ட 80 சதவீதத்தை, ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு, அரசுக் காப்பீடு கொடுக்கும். ஒரு குழந்தைக்கு வருஷத்துக்கு 120 நாள் வரை. இந்த லீவுக்குப் பெயர் ‘வாப்’. சளிக் காலமான பிப்ரவரியில் ஆபீஸே காலியாகிவிடுவதால் அந்த மாதத்தை ‘வாப்ருவாரி’ என்று கிண்டலாகக் கூப்பிடுவார்கள். 1990-களின் நடுவில் தெற்கு ஸ்வீடனில் பென்சிலினுக்கு அடங்காத நிமோகாக்கஸ் தலைகாட்டியபோது, மூக்கில் அந்தக் கிருமி இருந்த டே கேர் குழந்தைகளை, நோயே இல்லாவிட்டாலும், கிருமி போகும்வரை வீட்டில் இருக்கச் சொன்னார்கள். பெற்றோர் சம்பளம் இழக்காமல் இருக்க வழி இருந்ததால்தான் அப்படிச் சொல்ல முடிந்தது.

இங்கே 2017-ல் திருத்தப்பட்ட மகப்பேறு சட்டம் 26 வாரம் விடுப்பு தருகிறது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்கிறது. மத்திய அரசுப் பெண் ஊழியர்களுக்குப் பணிக்காலம் முழுமைக்கும் 730 நாள் குழந்தை பராமரிப்பு விடுப்பு உண்டு. தனியார் ஊழியருக்கு, ஏழாவது மாதத்திலிருந்து, குழந்தைக்குக் காய்ச்சல் என்று தனியாக எந்த விடுப்பையும் அந்தச் சட்டம் சொல்லவில்லை. வீட்டு வேலைக்கும், துணிக்கடைக்கும், கட்டட வேலைக்கும் போகிற அம்மாவுக்கு லீவு என்றால் அன்றைய கூலி இல்லை. அப்பாக்கள் பற்றி இந்தச் சட்டத்தில் பேச்சே இல்லை. ஏழு மணி பாராசிட்டமாலும் சீட்டில்லாத சிரப்பும் பெரும்பாலும் இந்த இடத்திலிருந்துதான் பிறக்கின்றன.

போன வாரம் 11.20-க்கு மறுபடி போன் அதிர்ந்தது. இந்த முறை அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போனார். காது, தொண்டை, நெஞ்சு எல்லாம் பார்த்துவிட்டு வைரஸ்தான் என்றார் டாக்டர். ‘ஆன்டிபயாடிக் தேவையில்லை, காய்ச்சல் விட்டதும் டே கேருக்கு வரலாம்’ என்று லெட்டர்பேடில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். அதை போட்டோ எடுத்து அனுப்பியதும், நடத்துபவர் தன் குரூப்பிலேயே போட்டுவிட்டாராம். அவருக்கும் காட்ட ஒரு தாள் தேவைப்பட்டிருக்கிறது. அடுத்த நாள் மதியம் வரை அக்கா வீட்டில், அதற்குப் பிறகு அவர் கணவர். காய்ச்சல் மூன்றாவது நாள் காலையில் விட்டது.